ராமாமிர்தத்தின் தவிட்டு மக்ரோனி

ராமாமிர்தம் வலக்கையால் மாவுருண்டையை நசுக்கும்போது இடக்கையால் தன் காதுமடலை நசுக்குவார். இரண்டும் ஒரே பதமாக இருந்தால் மாவு ஆயிற்று. காதைவிடக் கெட்டியாக இருந்தால் ஒரு கை தண்ணீர். தளர்ந்திருந்தால் ஒரு பிடி மாவு. கடுக்கன் பாரத்தில் தொங்கிப்போன மடல் அது. இந்த உலகத்தில் அவர் நம்புகிற அளவுகோல் அது ஒன்றுதான்.

இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே, காற்று ஓயாத தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவின் குசினிக்காரர் அவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. முட்டையை உடைக்குமுன் காதருகே ஆட்டிப் பார்த்து, "இது தூங்குது", "இது முழிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்வார். தூங்குகிற முட்டை துரைக்குப் போகாது. துரைக்குச் சமைத்ததை அவர் நாக்கில் வைத்தும் பார்க்கமாட்டார். அதிலும் மக்ரோனி என்றால் மூக்கு சுருங்கும். "புழு மாதிரி நெளியிறத வெள்ளக்காரன் திங்கட்டும். நமக்குக் கஞ்சி போதும்."

முன்பு மக்ரோனி கொழும்பிலிருந்து டப்பாவில் வந்தது. ஜெர்மன் சண்டை தொடங்கியதும் டப்பா நின்றது. சில மாதங்களில் துரையின் வயிறும் நின்றது. பதுளையிலிருந்து குதிரையில் வந்த டாக்டர், தவிடு நீக்காத கோதுமையைத்தான் சாப்பிட வேண்டும், மாவைச் சலிக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். துரையோ, ரொட்டி வேண்டாம், மக்ரோனிதான் வேண்டும் என்றார். தவிடும் மக்ரோனியும் ஒரே தட்டில் எப்படிச் சேரும் என்ற கேள்வியை இரண்டு பேருமாக ராமாமிர்தத்தின் தலையில் இறக்கிவிட்டார்கள்.

துரைக்கு வயிறு அடைத்தால் கணக்கப்பிள்ளைக்கு ஏச்சு. கணக்கப்பிள்ளை கங்காணிகளை ஏசுவார். கங்காணிகள் கொழுந்து பறிக்கிறவர்களை ஏசுவார்கள். இப்படியாக ஒருவர் வயிற்றுக்கு எண்ணூறு பேர் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். வயிறு நின்ற எட்டாம் நாள், சனிக்கிழமை, துரை ராமாமிர்தத்தை விறாந்தைக்குக் கூப்பிட்டுத் தமக்குத் தெரிந்த தமிழில் உத்தரவு போட்டார்.

"திங்ககிளமை காலையிலே வயிறு சரியில்லே, நீ குசினி வேணாம். கத்தி எடு. பெரட்டுக்கு வா."

பெரட்டு என்பது விடிந்ததும் ஆட்களை நிறுத்தி எண்ணி மலைக்கு அனுப்புகிற இடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தியோடு அங்கே நின்றவர்தான் ராமாமிர்தம். இப்போது முழங்கால் மடங்குவதே பெரும்பாடு. குசினி போனால் பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற வீடும் போகும்; மறுபடியும் தோட்டத்து ஆட்களின் லயத்தில் ஒற்றை அறை. அந்தக் கத்தியை அவர் எறியவில்லை. வளைந்த அலகை முன்னும் பின்னும் ஆட்டினால் மாவுத் தகடு இழை இழையாக வெட்டுப்படும். தேயிலையை வெட்டிய கத்தி இப்போது அதற்குத்தான் உதவுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி லெட்சுமி தங்கள் வீட்டில் திருகையைச் சுற்றினாள். சல்லடையைத் தேடி அவருடைய விரல்கள் அரித்தன, அடக்கிக்கொண்டார். ஆனால் இடியாப்பத்தில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்கிற பெருமையை அடக்க முடியவில்லை. கோதுமை இடியாப்பத்துக்குச் செய்வதுபோல மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவிக்கச் சொன்னார். லெட்சுமி ஒரு தரம் அவர் முகத்தைப் பார்த்தாள், அவித்தாள்.

மாவு பிசைந்தாயிற்று. காது ஒப்புக்கொண்டது. வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் ஓர் இழையைப் போட்டார். காணோம். இன்னொன்றைப் போட்டார். அதுவும் கஞ்சியாகிவிட்டது.

"ஏங்க, அவிச்ச மாவு செத்த மாவு. பிழிஞ்சு ஆவியில வச்சா நிக்கும். வெந்நியில நிக்குமா?"

"காது சரின்னுச்சே."

"ஒங்க காத எப்பவாச்சும் வெந்நியில போட்டிருக்கீங்களா?"

பங்களா மணிக்கூடு பதினொன்று அடித்தது. துரை ஒரு மணிக்கு மேசையில் உட்காருவார். சாக்கின் மூலையில் மிச்சமிருந்தது ஒரு கொத்து அளவு கோதுமை. அது போனால் மலைக்குக் கீழே கடைக்குப் போக வேண்டும். போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லெட்சுமி மறுபடி திருகையில் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை பச்சை மாவு. முழித்திருக்கிற முட்டை ஒன்று. பிசைந்தார், தேய்த்தார். தவிடு குத்திக் குத்தித் தகடு கிழிந்தது. மறுபடி உருட்டப் போன கையை லெட்சுமி தட்டிவிட்டு, ஈரத்துணியால் உருண்டையை மூடினாள்.

"தவிடு தண்ணி குடிக்கட்டும். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. துணியையே பார்த்துக்கொண்டு காதைப் பிடித்தபடி அரைமணி நேரம் இருந்தார். மடல் சிவந்து தடித்துவிட்டது. அதற்குமேல் அதை அளவுக்கு வைத்துக்கொள்ள முடியாது. துணியை விலக்கி, பதம் பார்க்காமலே சோடாப் போத்தலால் தேய்த்தார். தகடு கிழியவில்லை. கத்தியை ஆட்டினார். ஓர் இழையை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் விட்டார். இருவரும் மூச்சுவிடாமல் குனிந்து பார்த்தார்கள். இழை நெளிந்தது, சுழன்றது, நின்றது.

ஒரு மணிக்குப் போன தட்டு வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தது. ஆனால் துரை கேட்டது காலித் தட்டு அல்லவே.

திங்கட்கிழமை விடிந்தபோது மலை முழுக்க மூடுபனி. பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்புப் பறை அடித்தார்கள். லெட்சுமி கத்தியைக் கம்பளியில் சுற்றி வாசற்படியில் வைத்திருந்தாள். ராமாமிர்தம் பங்களாவின் குளியலறை ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். இரண்டாம் தப்பும் அடித்தாயிற்று. கீழே கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து கம்பளியைத் தூக்கினார்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு. பிறகு வாளித் தண்ணீர் சரியும் சத்தம். பிறகு ஒன்பது நாளாகக் கேட்காத துரையின் சீட்டி.

லெட்சுமி உள்ளே போய் அடுப்பை ஊதினாள். ராமாமிர்தம் படியில் உட்கார்ந்து கம்பளியைப் பிரித்தார். கத்தியின் வளைவில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்தார். இருபுறமும் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.