சூசைநாதன் சொல்லாத சொல்

2023ஆம் ஆண்டு நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. விருத்தாசலத்தில் விடியற்காலை தொட்டே தூறல், வெயில் தலைகாட்டவில்லை. பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சிலிருந்து எடுத்து அடுக்கிய பொம்மைகள் உலராமல் சண்டித்தனம் செய்தன. சூசைநாதன் தம் பட்டறையில் நின்று, கிறிஸ்துமஸ் குடிலுக்கான கழுதை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அதன் முதுகில் விரல் பதிந்தது. அது உலரும்வரை வேறு வேலையில்லை என்று கைப்பேசியை எடுத்துத் தம் இணையப் பக்கத்தைத் திறந்தார். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில், குழந்தை ஏசு இருக்கவேண்டிய கட்டத்தில், மூட்டுவலித் தைலப் புட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். தைலம் அங்கேயே இருந்தது.

அவர் திகைத்து நிற்கும்போதே கையிலிருந்த கைப்பேசி ஒலித்தது. ஆண்டுதோறும் குடில் வாங்கும் கன்னியர் மடத்துத் தலைவி பேசினார்.

"சூசை, உங்க பக்கத்துல போட்டிருக்கிற நம்பருக்குப் போன் பண்ணேன். முன்பணம் அனுப்புங்கன்னு ஒருத்தர் ஹிந்தியில பேசினாரு. நீங்க எப்ப ஹிந்தி கத்துக்கிட்டீங்க?"

"நான் கத்துக்கலீங்களே, சிஸ்டர்."

"அதான் எனக்கும் சந்தேகம். பழைய நம்பர் என்கிட்ட இருந்ததால தப்பிச்சேன். மத்தவங்க என்ன செய்வாங்க?"

நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரையில் விற்கும் குடில் பொம்மைகளே சூசைநாதனின் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுகின்றன. பங்குக் கோயில்களிலிருந்து வரும் கேள்விகளெல்லாம் இப்போது அந்தப் பக்கத்தின் வழியாகவே வந்தன. எவனோ ஒருவன் உள்ளே புகுந்து எண்ணை மாற்றிவிட்டான். வியாபாரம் போவது ஒருபுறம். சூசைநாதனை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர் என்று ஒருவர் கிளம்பிவிட்டால், பிறகு எந்தக் கோயில் வாசலில் அவர் தலைகாட்டுவது?

இந்த இடத்தில் சூசைநாதனின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. வாங்கிப் பழக்கமில்லை, கொடுத்தே பழக்கம். பட்டறைச் சாவி கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். தராசோ அச்சோ வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர், "எங்க போறீங்க?" என்று கேட்டால், போகும் ஊர், போகும் காரணம், திரும்பும் நேரம், தம் இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் சொல்வார். மறைப்பது என்பது திருடுவதற்குத் தம்பி முறை என்பது அவர் எண்ணம். ஊரடங்குக் காலத்தில், படங்களை இழுத்து ஒட்டினாலே பக்கம் ஆகிவிடும் என்று சொன்ன ஓர் இணையச் சேவையில் தாமே தட்டித் தடவி அந்தப் பக்கத்தைக் கட்டினார். தொழிற்பேட்டையே வியந்தது. அந்த வியப்பை அவர் எல்லோரோடும் பங்கிட்டுக்கொண்டார்.

சூசைநாதன் அழைத்த அரைமணி நேரத்தில் மங்கலம்பேட்டையிலிருந்து அப்துல் குத்தூஸ் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பீங்கான் பாத்திரக் கடைக்காரர். சூசைநாதனுக்கு முப்பது ஆண்டு நண்பர். பின்னால் அவர் மகள் ஷமீனா மடிக்கணினியை மழைத்துணியில் சுற்றி அணைத்தபடி இறங்கினாள். அவ்வூரில் கணினி மையம் நடத்துபவள், எதற்கும் பதறாதவள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும், மாமா?"

"உங்க அத்தாவுக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"கோவிந்தராசுக்கு. அவரு பீங்கான்ல பியூஸ் கேரியர் செய்யறாரில்ல, அந்தப் படத்தையும் ஒரு ஓரமா போடணும்னாரு."

"அப்புறம்?"

"டீக்கடை ஆராயிக்கு. பஜ்ஜி படம் ஏத்தணும்னு ஆசப்பட்டுச்சி."

"செராமிக் பக்கத்துல பஜ்ஜியா?"

"பீங்கான் தட்டுலதான வச்சிருக்குது," என்றார் சூசைநாதன்.

ஷமீனா பெருமூச்சு விட்டாள். "யாருக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. சீக்கிரம் முடியும்."

அவர் சற்று யோசித்தார். "பாக்கியத்துக்குத் தெரியாது. அவ கேக்கல."

பாக்கியமேரி அவருடைய மனைவி. மூலையில் அமர்ந்து இடையர் பொம்மைகளுக்குப் பிசிறு நீவிக்கொண்டிருந்தார். தம் பெயர் அடிபட்டும் நிமிரவில்லை.

"சரி, பாஸ்வேர்டு என்னதான்?" என்றாள் ஷமீனா.

சூசைநாதன் அலமாரியிலிருந்து சுட்டு முடித்த ஒரு மாட்டை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

அத்தொழிற்பேட்டையில் சிறு பட்டறைக்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. எல்லோருடைய பொருளும் ஒரே பொதுச் சூளையில் கலந்து வேகும். வெந்து வந்தபின் எவருடையது எது என்று தெரிவதற்காக, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொருவரும் அடியில் தம் முத்திரையைப் பதிப்பார்கள். சூசைநாதனின் முத்திரை, ஆங்கில எழுத்தில் அவர் பெயரும் தொழில் தொடங்கிய ஆண்டும். இணையச் சேவை, எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல் ஒன்றைக் கேட்டபோது, தம்முடையதை அடையாளம் காட்டத் தம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று மகிழ்ந்து அதையே கொடுத்துவிட்டார்.

ஷமீனா மாட்டை வாங்கிப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அங்கே ஒட்டகம், ஆடு, மூன்று அரசர்கள், அவர்களின் பரிவாரம் என்று ஒரு கூட்டமே நின்றது.

"எல்லாத்துக்கு அடியிலயும் இருக்குதா?"

"இல்லாம? என் பொருளாச்சே."

"மாமா, உலகத்துல எல்லாரும் பாஸ்வேர்டை ஒளிச்சு வைப்பாங்க. நீங்க அதைச் சூளையில வச்சுச் சுட்டு, மேல கிளேஸ் பூச்சும் போட்டு, ஊர் ஊரா வித்திருக்கீங்க."

"அதுவும் அழியாத எழுத்துல," என்றார் குத்தூஸ், நண்பரின் தரத்தை விட்டுக்கொடுக்காமல்.

பக்கத்தைப் புரட்டியபோது மேலும் சில செய்திகள் வெளிவந்தன. 'எங்களைப் பற்றி' என்னும் பகுதியில் அம்முத்திரையின் படம் பெரிதாக இருந்தது. கீழே வீட்டு முகவரி, மகளின் பிறந்தநாள், கணக்கின் மின்னஞ்சல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியன இருந்தன. முத்தாய்ப்பாக ஓர் அறிவிப்பு: 'ஆகஸ்டு இறுதியில் நாங்கள் அனைவரும் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்வதால் வீடு பூட்டியிருக்கும்.'

"திருடனுக்கு வழியில சாப்பாடு மட்டுந்தான் போடல," என்றாள் ஷமீனா. "சரி, கணக்கை மீட்கணும். பதிஞ்சு வச்ச போனுக்கு ஒரு நம்பர் வரும். எந்தப் போன் கொடுத்தீங்க?"

"அன்னிக்கு என் போனு ரிப்பேரு. பாக்கியத்தோடதைக் கொடுத்தேன்."

ஷமீனா ஒரு பொத்தானைத் தட்டினாள். அதே நொடியில் மூலையில் 'டிங்' என்று ஓர் ஒலி எழுந்தது. பாக்கியமேரி கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூடினார்.

"வந்துடுச்சா அத்தை? நம்பரைச் சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"நான் ஷமீனா, அத்தை."

"தெரியுது. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு இதுலயே எழுதியிருக்குது. போன வாரமும் இப்படித்தான் வந்துச்சு. கம்பெனியிலிருந்து பேசறேன், நம்பரைச் சொல்லுங்கம்மான்னு ஒருத்தன் நாலு வாட்டி கேட்டான். என் புருஷனுக்கே நான் சொல்ல மாட்டேன், நீ யாருன்னு வச்சிட்டேன்."

ஷமீனா முதன்முறையாக எழுந்து நின்றாள்.

"அத்தை, நீங்க சொல்லியிருந்தா அவன் மின்னஞ்சலையும் போனையும் மாத்திக் கணக்கையே எடுத்துட்டுப் போயிருப்பான். படத்தையும் பக்கத்துல இருந்த நம்பரையும் மாத்தினதோட நின்னதே உங்களாலதான்."

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் சூசைநாதன்.

"உங்ககிட்டச் சொன்னா பஸ்ஸு முழுக்கச் சொல்லுவீங்க."

ஷமீனா மடிக்கணினியைப் பாக்கியமேரியின் பக்கம் திருப்பினாள். "எனக்கும் சொல்ல வேண்டாம். நீங்களே போடுங்க." பாக்கியமேரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இடக்கையால் திரையை மறைத்து, வலக்கை விரலொன்றால் ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார்.

கணக்கின் கதவு திறந்தது. ஷமீனா கணக்கில் நுழைந்திருந்த அயலானை முதலில் வெளியேற்றினாள். பின்னர்ப் பக்கத்தின் பழைய வடிவத்தை மீட்டாள். தைலம் மறைந்தது, குழந்தை ஏசு தம் இடத்துக்குத் திரும்பினார். எண் சரியாயிற்று. முகவரி, பிறந்தநாள், வங்கிப் புத்தகம், நடைப்பயணம் எல்லாம் நீங்கின. இனி எவர் உள்ளே வந்தாலும் பாக்கியமேரியின் கைப்பேசியைக் கடந்தே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். அதைவிட வலிய பூட்டு அவளுக்குத் தெரியவில்லை. படம் ஏற்றும் நண்பர்களுக்குத் தனித்தனி நுழைவு அமைத்துத் தருவதாகவும், எவரும் சூசைநாதனின் சாவியைத் தொடவேண்டியதில்லை என்றும் சொன்னாள்.

"இப்பப் புதுசா ஒண்ணு வையுங்க, மாமா. பேரு, ஆண்டு எதுவும் வேணாம். நாங்க வெளிய நிக்கறோம்."

மூவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். ஒருமுறை பாக்கியமேரி எட்டிப் பார்த்தபோது, கணவரின் கை தானாகவே ஈரக் கழுதையையும் எழுத்தாணியையும் நோக்கிப் போவதைக் கண்டார்.

"என்னங்க."

கை பின்வாங்கியது.

கடைசியில் சூசைநாதன் வெளியே வந்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் ஒருவர் மட்டுமே அறிந்த செய்தி என்று முதன்முதலாக ஒன்று அவருக்குள் இருந்தது. அது எங்கே உட்காருவது என்று தெரியாமல் நெஞ்சுக்கும் நாக்குக்குமாக உலவியது.

குத்தூஸ் ஸ்கூட்டரை உதைக்கப் போனவர், நினைவு வந்தவராய்த் திரும்பினார். முப்பது ஆண்டுகளாகக் கேட்டது எதுவும் அவருக்கு இல்லையென்று ஆனதில்லை.

"சூசை, ஷமீனா போடற நுழைவெல்லாம் எப்ப வருமோ. நாளைக்கு என் கப்பு சாசர் படம் ஏத்தணும். புது பாஸ்வேர்டு என்ன?"

சூசைநாதன் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார், ஷமீனாவைப் பார்த்தார், உள்ளே அலமாரியில் நின்ற மூன்று அரசர்களையும் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன், பாய்."