முந்திக்கொண்ட ‘ம்’

“ம்” என்கிறார் செலஸ்டின். தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசி, வலது கையில் புகையும் சால்டரிங் கம்பி. எதிர்முனையில் மனைவி அருள்ஜோதி. மூன்று வாக்கியத்துக்கு ஒரு ‘ம்’ வீதம் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்றும் உள்ளே போவதில்லை என்பது பக்கத்தில் நிற்கும் எனக்கே தெரியும்.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் அவர் அறை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டிகள் செய்கிறார். பழைய இயந்திரங்கள் சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசும். புதுக் கணினிகளில் அந்த போர்ட்டே கிடையாது. “ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நடுவுல நான்தான் தரகர் லா,” என்பார். அனுப்பும் வயருக்கு அவர் வைத்த பெயர் வாய், வாங்கும் வயருக்குக் காது. “வாயையும் வாயையும் சேத்துக் கட்டினா யாரு கேக்கறது?” அவர் சட்டைப்பையில் ஜெபமாலையும் துண்டு வயர்களும் எப்போதும் சிக்கிக்கொண்டு கிடக்கும்.

இந்த வாரம் மனிதர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தார். லிட்டில் இந்தியாவில் ரத்னவேலின் நகைக்கடைத் தராசுக்கும் கணினிக்கும் நடுவே இவர் போட்ட பெட்டி, எப்போதாவது ஓர் எடையை விழுங்கிவிடுகிறது. கணினியில் முந்தைய எடையே நிற்க, ஒருவரின் சங்கிலி எடை அடுத்தவரின் மோதிரத்துக்கு ஏறிவிடுகிறது. “சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா கழட்டிடுவேன். தராசு மேல சந்தேகம் வந்துட்டா நான் கடைய மூட வேண்டியதுதான்,” என்றுவிட்டார் ரத்னவேல். அவர் கழற்றினால் அந்தத் தெருவில் வேறு யாரும் செலஸ்டினின் பெட்டியை மாட்டமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் போனபோது வயரை மாற்றியிருந்தார், எடை போகும் வேகத்தைக் குறைத்திருந்தார், பெட்டியையே மாற்றியிருந்தார்; கோளாறு மட்டும் போகவில்லை. “தராசு எடைய அனுப்புது. பொட்டி வாங்கிட்டு ‘ம்’ கொட்டுது. அத நம்பி தராசு மறந்துடுது. அப்புறம் எங்க போவுது? ஒண்ணும் புரியல லா.” எனக்கும் புரியவில்லை. புரிந்தவன்போல் தலையாட்டிவைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது அருள்ஜோதியின் அழைப்பு. நாலைந்து ‘ம்’ விழுந்த பிறகு எதிர்முனை நின்றது.

“நான் இப்ப என்ன சொன்னேன்?” அருள்ஜோதியின் குரல் எனக்கே கேட்டது.

செலஸ்டின் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“காதுல விழுந்ததுமே ‘ம்’ கொட்டிடுறீங்க. மண்டைக்குப் போய்ச் சேந்தப்புறம் கொட்டுங்க,” என்று போனை வைத்துவிட்டார்.

செலஸ்டின் கம்பியை ஓரமாக வைத்தார். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கம்ப்யூட்டர் வேற வேலையா இருந்தா? அதுகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே நீ ‘ம்’ சொல்லிடுறியா?” என்று பெட்டியிடம் கேட்டார். அது விடையா, இன்னொரு குழப்பமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மடிக்கணினியைத் திறந்து, பெட்டியின் நிரலில் ‘ம்’ சொல்லும் வரியை வெட்டி, கணினி எடையை வாங்கிக்கொள்ளும் வரிக்குக் கீழே ஒட்டினார். சரியா என்பது நாளைக்குக் கடையில் மாட்டினால்தான் தெரியும்.

கைப்பேசி மறுபடி அடித்தது. அருள்ஜோதிதான்.

“நம்ம பெதானிக்கு இன்னிக்குப் புதுநன்மைப் பூசை ஒத்திகை. நாலரைக்குக் கோயில்ல இருக்கணும். நீங்கதான் பிள்ளைய கூட்டிட்டுப் போறீங்க.”

பழக்கத்தில் அவர் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. பேனாவைத் தேடி எடுத்து, ‘பெதானி, கோயில், 4.30’ என்று உள்ளங்கையில் எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

பிறகுதான் “ம்” என்றார்.