ஆற்றோடு போன எழுபத்து மூன்று

1900ஆம் வருஷம், ஆடி பதினெட்டு, காலை ஏழு மணி இருபது நிமிஷம். மேற்கே மலையில் மூட்டம், ராஜபாளையத்தில் சாரல். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நோட்டு இல்லை.

'கெட்' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு நான் ஆறு வருஷமாகச் சேர்த்த எழுபத்து மூன்று உபயோகங்கள் அந்த நோட்டில் இருந்தன. காய்ச்சல் வருவதற்கும் அதே சொல், ரயிலில் ஏறுவதற்கும் அதே சொல், இருட்டுவதற்கும், கோபம் வருவதற்கும், விடியுமுன் எழுந்திருப்பதற்கும் அதே சொல். ஒரு சாதி ஜனம் ஒற்றைச் சொல்லை வைத்து இத்தனை காரியம் நடத்துகிறதே என்று ஒவ்வொன்றை எழுதும்போதும் திகைத்திருக்கிறேன்.

மறுநாள் அதை ஸ்ரீவில்லிபுத்தூர் தலைமையாசிரியரிடம் காட்ட வேண்டும். நோட்டு பிடித்திருந்தால் பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். உள்ளூர்ப் பள்ளியில் எனக்குப் பதினொன்று.

சித்தப்பா ஈரவேட்டியோடு ஆற்றிலிருந்து வந்தார்.

"சித்தப்பா, பெட்டியில இருந்த நோட்டு?"

"செல்லரிச்ச ஏட்டையெல்லாம் பெருக்குக்கு ஆத்துல விட்டேம்லா, அதோட அதுவும் போயிட்டு. மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டிருந்துச்சு. சாமி ஏடுன்னு மூணு தடவ கும்பிட்டுத்தாம்லே விட்டேன்."

பூச்சி வராமலிருக்க மஞ்சள் தடவியவன் நான்தான்.

"அது இங்கிலீசு நோட்டு! ஒரு வார்த்தைக்கு எழுபத்து மூணு அர்த்தம்!"

"ஏலே, ஒரே வார்த்தைதான? திரும்ப எழுத எம்புட்டு நேரம் ஆகும்?"

ஆற்றங்கரையோடு எட்டுகளை எண்ணிக்கொண்டே ஓடினேன். அறுநூற்றுப் பன்னிரண்டாவது எட்டில், நாணலில் நோட்டு சிக்கிக் கிடந்தது. பிரித்தேன். மை கரைந்து, தாள் முழுக்க ஒரே நீலம். ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றேன் என்று தெரியாது. நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் வாயால் ஒப்பித்தேன். பத்தொன்பதோடு நாக்கு நின்றுவிட்டது.

"அம்புட்டுதானாய்யா?" என்றார். "பையனுகளுக்குக் காட்ட என்ன வச்சிருக்கீரு?"

ஆற்றில் விட்டதைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் பதினொன்றிலேயே இருந்தேன்.

மாதம் ஏழு ரூபாய் வித்தியாசம், முப்பத்தொரு வருஷம். இரண்டாயிரத்து அறுநூற்று நான்கு ரூபாய்.