கதவைத் தட்டியதோடு முடிந்த கதை

உங்களுக்குப் பிடித்த சிறுகதைத் தொகுப்பு எது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் திணறித்தான் போவேன். நான் சொல்லும் தொகுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை வெளியிட்டவர், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல் வீட்டில் குடியிருந்த அக்கா. வார இதழ்களில் வந்த சிறுகதைகளில் தனக்குப் பிடித்தவற்றை மட்டும் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கி வைத்திருந்தார்.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகித் திருச்சியிலிருந்து அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். தொடர்கதைகளை பைண்ட் பண்ணி வைக்காத வீடு அந்த நாளில் குறைவு. சிறுகதைக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. படித்த கையோடு எடைக்குப் போய்விடும். அக்கா நேர்மாறு. தொடர்கதைகளை எடைக்குப் போட்டுவிட்டுச் சிறுகதைகளை எடுத்து வைத்துக்கொள்வார். "தொடர்கதைக்காரன் நம்மள வாராவாரம் இழுத்தடிப்பான் பிள்ள. இவன் ஒரே நாள்ல நம்மள விட்டுருவான்" என்பார். திருநெல்வேலிப் பக்கம் அவருக்கு. எங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே ஃபேக்டரியில், ஒரே ஷிப்டில் இருந்ததால் பகல் முழுக்க நாங்கள் இருவரும்தான் ஒருவருக்கொருவர் துணை.

மொத்தம் மூன்று பைண்டிங். முதுகில் பேனாவால் எழுதியிருப்பார். ஒன்றில் 'அழுகை'. இன்னொன்றில் 'சிரிப்பு'. மூன்றாவதில் 'ரெண்டும் இல்ல'. முதல் இரண்டையும் நான் சீக்கிரமே முடித்துவிட்டேன். மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு கதையில், செத்துப்போன அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மகனிடம் எல்லாரும் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பிப்பார்கள். அதற்குச் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எழுதினவர்கள் யார் என்று அப்போது பார்க்கத் தோன்றியதே இல்லை. பாதிக் கதைகளில் பெயர் இருந்த மேல்பாகம் பைண்டிங்கில் போயே போய்விட்டது.

அந்த மூன்றாவது பைண்டிங்கில்தான் இரண்டு சகோதரிகளின் கதை இருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவே ஒரே சுவர். வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. அக்காக்காரி அம்மியில் அரைக்கிற சத்தத்தை வைத்தே அந்த வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று தங்கைக்காரி சொல்லிவிடுவாள். அப்படி ஒருத்தர் சத்தத்தை இன்னொருத்தர் கேட்டே பிழைப்பு நடக்கிறது. ஒருநாள் தங்கை வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அக்காக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறாள். உள்ளே வளையல் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. பக்கத்தைப் புரட்டினால் ஒரு பட்டாசு விளம்பரம், அடுத்த தாளில் சட்டைக்காரன் கதை.

படித்து முடித்ததும் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். என்ன ஒரு முடிவு என்று தோன்றியது. அந்தப் பக்கத்தின் அடிவிளிம்பைக் கவனித்தது அதற்கப்புறம்தான். பைண்டிங்காரரின் கத்தி ஏதோ எழுத்துகளைப் பாதியில் சீவியிருந்தது. மேல்பாதி மட்டும் மிச்சம். உற்றுப் பார்த்தால் 'தொடர்ச்சி' என்று படிக்க முடிந்தது. இதழ்களில் இடம் போதாவிட்டால் கதையின் வாலைப் பின்பக்கம் எங்கேயாவது கொண்டுபோய்ச் சொருகுவார்களே, அந்தத் தொடர்ச்சி.

எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. மாடிக்கு ஓடினேன். அக்கா புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ரெண்டு சகோதரி கதைக்கு மிச்சம் இருக்கு. கிழிக்க மறந்துட்டீங்க."

"மிச்சம் ஒண்ணும் கெடையாது பிள்ள. கதவத் தட்டுனா. முடிஞ்சு போச்சு."

"அப்ப அந்தத் தங்கச்சி கதவைத் திறந்தாளா இல்லியா?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? கொழம்பு கரியுற வாசம் வருது, கீழ போ."

கொதிக்கிற குழம்பே இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒருவர் என்னிடம் எதையாவது மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. என் சுபாவம் அது.

அந்தத் தாளின் பின்பக்கம் தீபாவளிப் பட்டாசு விளம்பரம். அதனால் தீபாவளி சமயத்து இதழ் என்பது வரைக்கும் தெரிந்தது. இரண்டு வயசான என் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்பத்தூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் போய்க் குடைந்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு பக்கத்துக்காவா கொயந்தையத் தூக்கிகினு வந்து கீற?"

"தீபாவளி புக்குல வந்த கதை, முடிவு தெரியணும்ணே."

"தீபாவளி புக்க எவனும் எடைக்குப் போடமாட்டான்மா. வாடகைக்கு புக்கு உடுறான் பாரு, லெண்டிங் லைப்ரரி, அங்க கேளு. அவன்தான் எல்லாத்தியும் கட்டி வச்சிகினு கீறான்."

அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்த வாடகை நூலகத்தின் பரண்மேல் தீபாவளி இதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பட்டாசு விளம்பரத்தை வைத்தே இதழைப் பிடித்துவிட்டேன். வீடு வரைக்கும் பொறுக்கவில்லை, அங்கேயே நின்றுகொண்டு படித்தேன். கதையின் மிச்சம் ஒரே ஒரு பத்தி, ஒரு ஊறுகாய் விளம்பரத்துக்குப் பக்கத்தில். தங்கை கதவைத் திறக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார்கள். நடுச்சுவரை இடிக்கக் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். சுபம்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் துப்பு துலக்கிவிட்ட பெருமையில் இதழை இரவல் வாங்கிக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இதழின் அட்டையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"வாசிச்சிருக்கேன்" என்றார். "அந்தப் பக்கத்த நான்தான் அடுப்புல போட்டேன்."

"ஏன்க்கா?"

"ஒரு பத்தியில சேந்துட்டாளுவ பாத்தியா, அது எனக்குப் பிடிக்கல." முறத்தைக் கீழே வைத்தார். "காட்டுப்பாக்கத்துல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா பிள்ள."

அதுவரை அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தங்கை தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அக்கா ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். என்ன வார்த்தை என்று அவரும் சொல்லவில்லை. நானும், என் சுபாவத்துக்கு மாறாக, கேட்கவில்லை. என் வாசலில் காலை வைக்காதே என்று தங்கை சொல்லிவிட்டாளாம். ஆனாலும் அக்கா போய்க்கொண்டிருந்தார்.

"அவ ஜன்னல் வழியா எட்டிப் பாப்பா. நான்னு தெரிஞ்சதும் ரேடியோச் சத்தத்தக் கூட்டிருவா. கொஞ்ச நேரம் நிப்பேன். வந்துருவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுக்கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு பூந்தமல்லி பஸ் ஏறுவார். மத்தியானமே திரும்பிவிடுவார். வந்ததும் எங்களைக் கூப்பிட்டுப் பையிலிருந்து முந்திரிக்கொத்து எடுத்துக் கொடுப்பார். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து உருட்டிப் பொரித்த பலகாரம். எங்கள் திருச்சிப் பக்கத்தில் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. என் பெண் அதற்காகவே மாடிப்படியில் காத்துக் கிடப்பாள். ஏது இது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். தங்கைக்குப் பிடிக்கும் என்று அவர் சுட்டு எடுத்துப்போய், திறக்காத கதவிலிருந்து அப்படியே திரும்பி வந்ததைத்தான் நாங்கள் அத்தனை மாதமும் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறோம்.

"அந்தக் கத தட்டுறதோட நிக்கட்டும்" என்றார் அக்கா. "தெறந்து, அழுது, கொத்தனாரு வந்துட்டா அது அவளுவ கத ஆயிரும். தட்டுறதோட நின்னாத்தான் என் கத."

இதழை மறுநாளே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. முந்திரிக்கொத்தும் வந்தது. என் பெண் சந்தோஷமாகத் தின்றாள். நான் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வேண்டாம் என்பேன். அக்கா வற்புறுத்தமாட்டார். என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். குவார்ட்டர்ஸில் சிலர் மாற்றலாகிப் போனார்கள், புதிதாகச் சிலர் வந்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தாண்டியும் அக்காவைக் காணோம். நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பஸ் ஸ்ட்ரைக்கோ, மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று ஏதேதோ ஓடியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். படியில் காத்திருந்த என் பெண் கையை நீட்டினாள். அக்கா துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டினார்.

"இன்னைக்கு ஒனக்கு இல்லட்டி."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரே படியில் உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

"தெறந்தா பிள்ள."

"அழுதீங்களாக்கா?"

"எங்க அழ? கதவத் தெறந்தா, என்னைய மேலயும் கீழயும் பாத்தா, 'செருப்ப வெளியவே விடு, இப்பத்தான் தர தொடச்சேன்'னா. நான் விட்டுட்டு உள்ள போனேன்."

அக்காவின் வீட்டுக்காரர் ரிடையராகி அவர்கள் ஊருக்குப் போனபோது, 'ரெண்டும் இல்ல' என்ற பைண்டிங்கை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேர் பெற்ற தொகுப்புகள் எத்தனையோ பிறகு படித்துவிட்டேன். இப்போதும் அதை எடுத்தால் சகோதரிகள் கதையைத்தான் முதலில் படிப்பேன். அக்காக்காரி கதவைத் தட்டுவாள், உள்ளே வளையல் சத்தம் கேட்கும். அப்புறம் அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரு வரியையும் நானே வாய்விட்டுப் படித்துக்கொள்வேன். செருப்பை வெளியவே விடு, இப்பத்தான் தரை துடைத்தேன்.