புளி போட்டு விளக்கிய பதக்கம்

செங்காங்கில் என் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. கரி போட்டுச் சூடேற்றும் பழைய பெட்டி. மூடியின் கொக்கியில் ஒரு சின்னச் சேவல் நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத் திருப்பி, பின்புறத்தில் பொறித்திருக்கும் என் பெயரைக் காட்டாமல் விடமாட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் சொந்தமாக டோபி கடை போட்டு, பெட்டியில் பெயரையும் வெட்டி வைத்தேன். ஐம்பதுகளில் இந்த ஊரில் விறைப்பாக நடந்த துரைமார்களில் பாதிப் பேருக்கு அந்த விறைப்பு என் கஞ்சியில் வந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை; பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

அந்தக் கடைக்குத்தான் சுபேதார் வருவார். மதராஸ் பட்டாளத்தில் இருந்து சண்டை பார்த்தவர். பிறகு துறைமுகக் கிடங்கு ஒன்றில் காவலர்களுக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரன் வீரத்துக்குக் கொடுக்கும் பதக்கங்களில் ஆகப் பெரியது அவரிடம் இருந்தது. அதற்கு மேலே ஒன்று கிடையாது. பெரும்பாலும் செத்தவனுக்குத்தான் அது போகும், பெண்டாட்டியோ தாயோ அழுதுகொண்டே வாங்குவார்கள் என்பார்கள். உயிரோடு அதை மாட்டிக்கொண்டு நடக்கிறவர் எங்கள் சந்தில் காப்பி குடிக்கிறார் என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் மிதப்பு உண்டு. பார்க்கப் போனால் அது மினுக்கும் பொருளே இல்லை. சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்த ஒரு சிலுவை. அந்தக் கறுப்புதான் அதன் நிறம். செய்யும்போதே அப்படித்தான் செய்வார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லியிருந்தார். என் மச்சானிடம் சொன்னதில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கடையில் எனக்கு வலது கை. ஒரு வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை பாடாங் திடலில் அணிவகுப்பு. வெளியிலிருந்து பெரிய தளபதி ஒருவர் வருகிறார், சுபேதாருக்கும் அழைப்பு. தேய்க்கக் கோட்டும் அதில் மாட்டப் பதக்கமும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நெஞ்சுல கோணாம நிக்கணும் தம்பி. நீ மாட்டினாத்தான் சரியா வரும்" என்றார். வேறு யாரிடம் கொடுப்பார்?

பூசை அன்று நான் வாழையிலை வாங்க டெக்கா சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சாமி படத்துக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது: புளியும் சாம்பலும் போட்டு விளக்கிய இஸ்திரிப் பெட்டிகள், செம்பு, குத்துவிளக்கு. அவற்றுக்கு நடுவில், புதுக் குடம் மாதிரி தகதகவென்று, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்த அந்தச் சிலுவை.

இலைக்கட்டை வாசலிலேயே வைத்துவிட்டேன். "என்ன மச்சான் செஞ்சீங்க?"

"கறுத்துக் கெடந்துச்சு லா. சாமி கும்பிடுற நாள்ல அது மட்டும் அழுக்கா இருக்கலாமா? பின்பக்கமும் நல்லா அழுத்தித் தேச்சிருக்கேன், பாருங்க."

பின்பக்கத்தில்தான் அவருடைய பெயர் இருந்தது. திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதற்கு முந்திய அணிவகுப்பில் ஒரு ஆள் கடையில் வாங்கிய பதக்கங்களைக் குத்திக்கொண்டு நின்றான். ஒரு அதிகாரி அத்தனை பேருக்கும் முன்னால் அவற்றைப் பிடுங்கி எடுத்ததை ஊரே பார்த்தது. கண்ணைப் பறிக்கிற இந்தச் சிலுவையோடு சுபேதார் போய் நின்றால் அவரையும் போலி என்றுதான் நினைப்பார்கள்.

தேயிலைச் சாயத்தில் முக்கலாம் என்றாள் என் மனைவி. கரிப்புகையில் காட்டலாம் என்றார் மச்சான். நான் காலணிக்குப் பூசும் சப்பாத்து மையைத் திறந்து விரலில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன், வாசலில் சுபேதார். பதக்கத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மை வேணாம்" என்றார் மெதுவாக. "பூசினா இன்னும் பொய்யாத் தெரியும்." குங்குமத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திடலில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் மச்சானும். வெயில் ஏற ஏற அந்தச் சிலுவை மட்டும் தனியாக எரிந்தது. அந்தப் பதக்கம் உள்ளவருக்கு, எவ்வளவு பெரிய அதிகாரியும் தானே முதலில் சல்யூட் வைப்பது பட்டாளத்து வழக்கம். தளபதி வரிசையாக வந்து சுபேதார் முன்னால் நின்றார். கை எழவில்லை. பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி காதில் ஏதோ சொன்னான். தளபதி குனிந்தார், இரண்டு விரலால் சிலுவையைப் பிடித்துத் திருப்பினார்.

மச்சான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பேரு அழிஞ்சிருக்குமோ?"

"வாய மூடுங்க மச்சான்" என்றேன். எனக்குத் தெரிந்த சாமி பெயர்களில் அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

தளபதி படித்தார். சிலுவையை மெல்ல விட்டார். ஒரு அடி பின்னால் போய், காலைச் சேர்த்து, சல்யூட் வைத்தார். சுபேதார் உடனே கை தூக்கவில்லை. எங்கோ இருந்து திரும்பி வந்தவர் போலத் தாமதித்துத்தான் தூக்கினார்.

திரும்பும் வழியில் சுபேதாரும் நாங்களுமாகத் தேநீர் விற்கும் சரபத் கடையில் உட்கார்ந்தோம். மச்சான் எழுந்து அவர் காலைத் தொடப் போனார். "உக்காரு லா" என்று அதட்டி, சுபேதார் இஞ்சித் தேநீரை ஆற்றினார். பிறகு சொன்னார்: "குண்டு வந்தப்பகூட இப்படிப் பயப்படலை தம்பி. அவன் திருப்பினான் பாரு, அப்பப் பயந்துட்டேன்."

"பேரு தேஞ்சு போயிருக்கும்னா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்ல. வேற பேரு இருக்கும்னு. அன்னைக்கு என்கூட மேட்டுல ஏறுனவனுங்க பேரு. அவனுங்களும் நான் செஞ்சதத்தான் செஞ்சானுங்க. எறங்கி வந்தது நான் ஒருத்தன். அதனால என் பேரு."

மச்சான்தான், "அப்ப அவங்க பேரும் உள்ள இருக்குன்னு புளிக்குத் தெரிஞ்சிருக்கும் ஐயா, அதான் ரொம்பத் தேய்க்க விடல" என்றார். சுபேதார் சிரித்துவிட்டார், தேநீர் கோட்டில் சிந்தியது. மறுபடி நான்தான் வெளுத்தேன்.

சுபேதார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பதக்கம் அவர் மகனோடு கடல் தாண்டிப் போனது. மச்சானும் இல்லை. கரிப்பெட்டி போய் மின்சாரம் வந்தது, டோபி கடை போய் நான் இரண்டு சலவைக்கூடங்களுக்கு முதலாளி ஆனேன்.

இந்த ஆயுத பூசைக்கு நானே புளி கரைத்துப் பெட்டியை விளக்கினேன். துடைத்துவிட்டுத் திருப்ப வேண்டிய நேரத்தில் கை நின்றது. எத்தனை வருடம் அதைப் புளி போட்டுத் தேய்த்தது, கரி அள்ளியது, அதைப் பிடித்து முதுகு வளைந்தது எல்லாம் மச்சான். நான் கல்லாவில் உட்கார்ந்து துரைமாரோடு பேசினேன். பேத்தி கேட்டாள், "என்ன தாத்தா பாக்குறீங்க?"

"பேரு இருக்கான்னு."

அவள் என் கையிலிருந்து வாங்கித் திருப்பினாள். "இருக்கு தாத்தா. உங்க பேருதான்."

நான் குங்குமத்தை எடுத்து அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், ஒரு பொட்டு வைத்தேன்.