மொட்டைமாடி ஒயர்

அந்தக் காலத்துக் கணினியில் ஒரு கோப்பை நகலெடுக்கும்போது திரையில் ஒரு படம் வரும். ஒரு உறையிலிருந்து காகிதங்கள் கிளம்பிப் பறந்து பக்கத்து உறைக்குள் விழும். அடியில் ஒரு பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். ஒரு கார்த்திகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் காகிதங்கள் பறந்துகொண்டே இருந்தன, பட்டை மட்டும் நிரம்பவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பகல்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அதற்குக் காரணமானவர் என் மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன்.

திருவண்ணாமலையில் எங்களுடையது கூட்டு வீடு. கீழே மச்சாண்டாரின் எலக்ட்ரிகல் கடையும் அவர் குடும்பமும், மாடியில் நாங்கள். கல்யாணத்துக்கு முன்பே கணினி படித்தவள் நான். டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலையை என்னை நம்பிக் கொடுத்திருந்தார். படங்களைக் கடையில் இருந்த கணினியின் பெரிய டிஸ்க்கில் அவர் ஏற்றிவிட்டுப் போவார். மாடியிலிருந்தே அவற்றைத் திறந்து நான் வேலை செய்வேன். வீட்டுக்குள் சுவரைத் துளைக்க மச்சாண்டார் ஒத்துக்கொள்ளாததால் நெட்வொர்க் ஒயர் வெளிச்சுவரில் ஏறி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஓடி, என் அறைக்குள் இறங்கியது. அந்த வீட்டில் இன்னாரின் மனைவி என்பதைத் தாண்டி எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

எங்கள் குடும்பங்களில் மச்சாண்டார் எதிரில் தம்பி மனைவி உட்காரமாட்டாள். அவர் வந்தால் எழுந்துவிட வேண்டும். நேருக்கு நேர் பேசுவதும் கிடையாது, எதுவானாலும் கணவர் வாய் வழியாகத்தான். தீபத்தன்று ஒயர் போகும் இடத்தில் அகல் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லியனுப்பியதும் அப்படித்தான். "மலைக்கு ஏத்துற வெளக்க ஒரு ஒயருக்காக நிறுத்துவாங்களாடா?" என்று பதில் வந்தது. கைப்பிடிச் சுவர் முழுக்க வரிசையாக அகல் எரிந்தது. மறுநாளிலிருந்து என் கணினியில் சின்னக் கோப்புகள் எப்படியோ திறந்தன. கல்யாணப் படங்கள் நொண்டியடித்தன.

கடையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் படங்கள் பட்டென்று திறக்கும், டிஸ்க் அங்கேயே இருக்கிறதே. ஆகவே குறை என்னுடையது என்று ஆயிற்று. வைரஸ் என்றார்கள், கணினியைத் துடைத்து மறுபடி எல்லாம் ஏற்றினேன். கடையில் ஒயர்கள் வந்து சேரும் ஹப் என்ற பெட்டியை மாற்றினோம். கடைசியில் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஒயர்ல யாராச்சும் கை வச்சீங்களா?" என்பதுதான். மச்சாண்டார் முந்திக்கொண்டு சொன்னார்: "ஒருத்தரும் தொடல தம்பி. மேல இருக்கிற மிஷினத்தான் பாக்கணும். கண்டதையும் அமுக்கறது ஜாஸ்தி." நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தை மாத முகூர்த்தங்களின் ஆல்பங்கள் தாமதமாயின. ஸ்டுடியோக்காரர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? வேலை கைமாறியது. அதை வாங்கிக்கொண்டவரும் மச்சாண்டார்தான். கடையிலேயே ஒரு ஆளை உட்கார வைத்தார்.

ஒரு பௌர்ணமிக்கு அவர் கிரிவலம் போயிருந்தார். கடை பூட்டியிருந்தது, சாவி ஆணியில் தொங்கியது. என் கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். ஹப்புக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு சிறு ஒயரால் இணைத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் படங்கள் வந்து விழுந்தன. ஆக என் கணினியிலும் கோளாறு இல்லை, என் கையிலும் இல்லை. மாடிக்குப் போய் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். எண்ணெய்க் கறை படிந்த ஓர் இடத்தில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் பட்டை மூடியிருந்தது. நெம்பிப் பார்த்தால் உள்ளே கறுப்பு டேப். அகல் சுட்டுப் பொசுக்கிய இடத்தை வெட்டிவிட்டு, உள்ளிருந்த மெல்லிய கம்பிகளை வீட்டு மின்சார ஒயரைப் போலப் பிரித்து முறுக்கி ஒட்டியிருந்தார். பல்பு எரிய அது போதும். இதில் அனுப்புவதில் பாதி வழியிலேயே கெட்டுப்போகும், மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். ஒட்டியது அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். மூடி மறைத்தது?

"வுடு, அண்ணன்தானே," என்றார் என் கணவர். நான் பட்டையை இருந்தபடியே மூடிவைத்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நான் ஆற விடவில்லை, அடுத்த கார்த்திகை வரை அடுப்பிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் மாடியிலிருந்து மலை உச்சி தெளிவாகத் தெரியும். தீபம் பார்க்க உறவெல்லாம் கூடும். ஸ்டுடியோக்காரரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தேன். தீபம் தெரிந்து, கும்பிட்டு முடித்து, எல்லோரும் பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தபோது மச்சாண்டார் எதிரில் போய் நின்றேன். சுவரில் ஒயரை மூடியிருந்த பட்டையைப் பிடுங்கினேன்.

"மாமா, இத வெட்டி ஒட்டனது யாரு?"

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் தம்பியைப் பார்த்தார், தம்பி மலையைப் பார்த்தார்.

"அறுந்தா ஒட்டத்தான் செய்வாங்க. கரண்டு போவுதில்ல?" என்றார்.

"அப்ப மெக்கானிக் கேட்டப்ப ஒருத்தரும் தொடலன்னு ஏன் சொன்னீங்க?"

தயாராக வாங்கி வைத்திருந்த முழு ஒயரை மாட்டி ஸ்டுடியோக்காரரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவர் வீட்டுக் கல்யாணப் படங்களையே திறந்து காட்டினேன். எழுந்து வந்தவர் மச்சாண்டாரிடம், "பாவம், அந்தம்மா மேல பழிய போட்டுட்டீங்களே. வேலய அவங்களே பாக்கட்டும்," என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அன்றைக்கு நான் தின்ற பொரி உருண்டை அவ்வளவு இனித்தது.

இப்போது வீட்டில் ஒயரே இல்லை, எல்லாம் காற்றில் வருகிறது. மச்சாண்டாருக்கும் வயதாகிவிட்டது, இன்னும் எதற்கு மனசில் வைத்திருக்கிறாய் என்று என் கணவர் கேட்கிறார். மன்னிப்பது பெரிய குணம்தான், இருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வரும். மச்சாண்டார் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஆல்பத்தை நான்தான் செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதம். தம்பி வழியாகச் சொல்லியனுப்பினார். அவரே வந்து என்னிடம் கேட்கட்டும் என்று திருப்பியனுப்பினேன்.

வந்தார். படியேறிய மூச்சு இன்னும் வாங்கியது. நிலைப்படியில் நின்று, "பாப்பா ஆல்பத்த நீயே பண்ணிக் குடும்மா," என்றார். சரி என்று சொல்லிவிட்டு அந்தக் கல்யாணப் படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டேன், அங்கிருந்தே கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை.