இரும்பென்று வாங்கிய பெட்டி

பத்து வயதில், ஒரே வாரத்தில், முப்பத்தொரு புத்தகங்களுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் அன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இருபது பேர் தேறமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பெருமை முழுசாக விளங்கும். அதற்குப் பிறகு எத்தனையோ காரியங்கள் செய்துவிட்டேன். எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பொம்மிடி ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், பெண் பிள்ளைக்கு இது போதும் என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். என் சிலேட்டை அம்மா மோர்ப்பானைக்கு மூடியாக்கிவிட்டாள். படிப்பதற்கு என்று வீட்டில் மிஞ்சியது பஞ்சாங்கம் ஒன்றுதான். அதை ராகுகாலம், எமகண்டம் உட்பட மனப்பாடம் செய்து முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

எங்கள் வீட்டோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, மாட்டுத் தரகர். ஒரு மாட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாரென்றால், அதன் வயது, குணம், அது எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்பதெல்லாம் சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றி ஒரு கன்றுக்குட்டியைக்கூட விற்க முடியாது என்று மாரண்டஹள்ளி வரைக்கும் பேர் இருந்தது. படிப்பு வாசனை மட்டும் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை அவர் வண்டியில் ஒரு மரப்பெட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் யாரும் வந்து கேட்காமல் கிடந்த சாமான்களை ஏலம் விட்டார்களாம். இறக்கவே நாலு ஆள் வேண்டியிருந்தது.

"இரும்புதான். இந்தக் கனத்துக்கு வேற என்ன இருக்கும்? உள்ள ஏர்க்கொழுவா அடுக்கியிருப்பான் பாருங்க" என்றார் மாமா.

யுத்தத்தில் இரும்பு கண்ணில் காணக் கிடைக்காத சமயம் அது. தேய்ந்துபோன கொழுவை வைத்துக்கொண்டு உழ முடியாமல் ஊரே தவித்துக்கொண்டிருந்தது. அதனால் சேதி பரவியதும் பாதி ஊர் எங்கள் வாசலில் கூடிவிட்டது. மாமா கடப்பாரையால் மூடியை நெம்பினார். உள்ளே புத்தகங்கள். வரிசை வரிசையாக, ஈரம் படாமல், அத்தனையும் தமிழ்ப் புத்தகங்கள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் வண்டி மாடு மிரண்டது. "ஏனுங்க, இந்தக் கொழு எத்தன அடி உழும்?" என்று ஒருவர் கேட்டார். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை.

"பல்லப் பாக்காம ஒரு கன்னுக்குட்டி வாங்கமாட்டியேடா! பெட்டியத் தொறந்து பாக்காமயா வாங்கியாந்த?"

மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். காகிதத்துக்கும் பஞ்சம் வந்திருந்தது. சந்தையில் பொரிகடலைக் கடை போடுகிறவர், மடித்துக் கொடுக்கத் தாள் கிடைக்காமல் தேக்கிலையைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று அப்பா அவருக்குச் சொல்லி அனுப்பினார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதால் மனம் மாறுகிறவர் இல்லை அப்பா.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். "மாடு நல்லதா கெட்டதான்னு தெரியலைன்னா என்ன பண்றோம்? ஓட்டிக்கிட்டுப் போயி ஏர்ல பூட்டிப் பாருன்னு குடுக்கறோம். ஆகாத மாடு ரெண்டாம் நாளே திரும்பி வந்துடும். நல்ல மாடுன்னா, கொண்டுபோனவன் திருப்பிக் குடுக்க மனசு வராம சாக்குச் சொல்லுவான். இதையும் அப்படியே ஊருக்குள்ள குடுத்துப் பாக்கலாம். வேணாம்னு வந்ததெல்லாம் கடைக்காரனுக்கு. வராதது நின்னுக்கட்டும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்மூர்ல பொஸ்தகத்தப் புடிச்சி வெச்சிக்கறவன் எவன் இருக்கான்? குடுத்துப் பாரு போ" என்றார். ஒன்று விடாமல் திரும்பி வந்துவிடும் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

வீட்டில் தடங்காமல் படிக்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால் யாருக்கு எது என்று பிரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் மகா புத்திசாலி என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். பெரியவர்களுக்குப் பெரிய புத்தகம், சின்னவர்களுக்குச் சின்ன புத்தகம், பெண்களுக்குச் சமையல், கிழவர்களுக்குச் சாமி என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிரித்தேன். மணியக்காரர் ஊருக்கே பெரிய மனிதர் என்பதால் இருப்பதிலேயே தடியான வேதாந்தப் புத்தகத்தை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்குச் சமையல் புத்தகம். தெருப் பிள்ளைகளுக்கு, பல் துலக்குவது எப்படி, பெரியோரை வணங்குவது எப்படி என்று சொல்கிற மெல்லிய புத்தகங்கள்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு புத்தகங்கள் திரும்பி வந்துவிட்டன. பிள்ளைகள் பல் துலக்கும் புத்தகத்தைத் தூக்கியெறியாத குறையாகப் போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மா சமையல் புத்தகத்தை மூன்று பக்கம் படித்தாள். "முந்திரிப் பருப்பு கால்படி, குங்குமப்பூ ஒரு சிட்டிகைன்னு போட்டிருக்குது. இவன் எந்த ஊர்க்காரன்டி? மண்ணெண்ணெய்க்கே கூப்பன் கேக்கறான் இங்க" என்று மூடிவைத்தாள். அப்பா திரும்பி வந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு வயலுக்குப் போனார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியக்காரரே வேதாந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான், பாப்பா" என்றார். மாமா வரட்டும் என்று உட்கார்ந்தவர், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பக்கத்தில் கிடந்த ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். காட்டில் ஒரு நரி தையல் கடை வைத்து, கழுதைக்கு எடுத்த அளவில் யானைக்குச் சட்டை தைத்துவிடுகிற கதை. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தேன். மணியக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வரி கேட்டு வந்தாரென்றால் ஊரே நடுங்குகிற மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது பேரனுக்கு ஆவும். கொண்டுபோறேன்."

அவர் பேரனுக்கு அப்போது மூன்று மாதம். தொட்டிலில் கிடந்தான்.

அவர் துண்டுக்குள் புத்தகத்தை மறைத்துக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. மாட்டுச் சந்தையில் யாராவது வாங்குகிறவனின் வயதைப் பார்த்து மாட்டைக் கையில் பிடித்துக் கொடுக்கிறார்களா? எல்லா மாட்டையும் கட்டிவைக்கிறார்கள். அவனவன் சுற்றி வந்து, எது தனக்கு ஆகும் என்று தானே பார்த்துக்கொள்கிறான். நான் வாசலில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். வருகிறவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துப் பார்த்தவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நல்ல இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். தரகர் வீட்டுப் பிள்ளைக்கு அதையெல்லாம் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். எதிர்வீட்டுப் புது மருமகள், நட்சத்திரங்களும் கிரகங்களும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று சொல்கிற விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்தாள். "நல்ல நட்சத்திரம் பாக்கற பொஸ்தகங்க அத்த" என்று மாமியாரிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோய்விட்டாள். சித்தேரி மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து விற்கிற ஒருவர், மூலிகைகளின் படம் போட்ட புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் விரலை வைத்துப் பேர் சொன்னார். நடுவில் ஒரு பக்கம் வந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தச் செடிக்கு எல இப்படி இருக்காது. யாரு எழுதுனது இத? எங்க ஆளுங்ககிட்டக் காட்டிப்புட்டுத்தான் தருவேன்."

அம்மா, ஒரு ஜமீன்தார் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடப்பதில் ஆரம்பிக்கிற துப்பறியும் நாவலை, தூசி தட்டுகிற சாக்கில் கையில் எடுத்தாள். அன்று மத்தியானம் களி அடிப்பிடித்துவிட்டது. என் நினைவில் அம்மா களியைத் தீய விட்டது அந்த ஒரு நாள்தான். கரிந்த களியை அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். நான் இரண்டாம் உருண்டை கேட்டு வாங்கித் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் கூழ் கொண்டு போனேன். கவலையில் தண்ணீர் இறைக்கிற மாடுகள் கிணற்றடியில் நின்றபடியே அசை போட்டுக்கொண்டிருந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை. அப்பா புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எதையோ துண்டால் மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கூழைக் குடித்து முடிக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கில் எண்ணிப் பார்த்தபோது, கப்பலேறிப் போய் உலகத்தைச் சுற்றி வந்த ஒருவர் எழுதிய புத்தகத்தைக் காணோம். அப்பா சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை, விதிப்படி, வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டேன். அன்றைக்குக் கேட்ட சாக்குப்போக்குகளைப் போல இனிமையான சங்கீதத்தை நான் பிற்பாடு எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம், சாவியைக் காணோம் என்றார்கள். ஊருக்குப் போன அண்ணன் எடுத்துப் போய்விட்டான் என்றார்கள். "பேரன் கையவுட்டு வாங்க முடியலியே பாப்பா" என்றார் மணியக்காரர். "கன்னுக்குட்டி தின்னுடுச்சிடி" என்றாள் அம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் முகத்தைக் குதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேழ்வரகுக் குதிருக்குள்தான் நாவலை ஒளித்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை கடைக்காரர் இரண்டு சாக்குகளோடு வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே சமையல் புத்தகம் ஒன்றே ஒன்று கிடந்தது.

"என்னங்க இது? முப்பத்தொண்ணுன்னு சொல்லியனுப்புனீங்களே!"

மாமா வானத்தைப் பார்த்தார். அம்மா அடுப்பை ஊதினாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"புள்ள எண்ணுனதுல தப்பாயிருக்கும். இருக்கறத எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் தப்பாக எண்ணியதாக அதுவரை யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடிப்போய்க் குதித்தேன். குதித்த குதியில் பாவாடை கிழிந்தது.

அந்தக் கடைசிப் புத்தகம்கூடத் தாளாகவில்லை. அடுத்த சந்தையில் கடைக்காரர் தேக்கிலையில்தான் கடலை மடித்தார். கிழிக்கப் போனவர் ஒரு பக்கத்தைப் படித்திருக்கிறார். அதோடு கை ஓடவில்லை. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டு ஒரு பலகாரம் செய்து வைத்திருந்தார். கல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் முப்பத்தொன்றாவது புத்தகத்துக்கும் ஆள் அகப்பட்டுவிட்டார் என்று அதைக் கடக்கு முடக்கென்று கடித்துத் தின்றேன்.

வென்ற குஷியில் நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. பெட்டி காலி. எனக்குப் படிக்க ஒரு புத்தகம் மிஞ்சவில்லை. வீடு வீடாகப் போய், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டி, அப்படித்தான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். எது யார் வீட்டில் இருக்கிறது என்று மறந்துபோகிறதே என்று ஒரு நாள் புலம்பினேன். அம்மா மோர்ப்பானை மேலிருந்த சிலேட்டை எடுத்து, கழுவி, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். பானையைத் தட்டால் மூடினாள்.

மாமாவுக்கு மட்டும் ‘இரும்பு வாங்கினவர்’ என்ற பேர் நிலைத்துவிட்டது. சந்தையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இது மாடுதானா, இல்ல பொஸ்தகமா?" என்று அவரைச் சீண்டாதவர்கள் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்து, என் மகள்களோடு பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். யாரும் கேட்டு வராத சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டி, இன்னது என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏலம் கூவினார்கள். பக்கத்தில் நின்ற வயதான போர்ட்டரிடம், எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"எப்பவுமே இப்படித்தாங்க. தொறந்து காட்டாம எவன் கேப்பான்?"

ரயில் வந்து போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நேராக ஊருக்கு நடந்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல்லெல்லாம் போய்விட்டிருந்தது.

"மாமா, அந்தப் பெட்டியில என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"இரும்புன்னுதான் கண்ணு நெனச்சேன்" என்றார். உரலைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு தரம் ஏமாந்துட்டேன். அத இன்னமும் எதுக்குக் கேக்கற?"

மறுபடி வெற்றிலையை இடிக்க ஆரம்பித்தார். பெட்டியைத் திறந்து பார்க்காமலா வாங்கினாய் என்று அன்றைக்கு வாசலில், ஊர் முன்னால், அம்மா கேட்டாள். மாமா அதற்குப் பதிலே சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், புத்தகங்களை எண்ணிக்கொண்டு.